கேசினோ சாஃப்ட்வேர் ரெடி... காசு கொடுத்து வாங்கலாமா?

‘சொந்தமாக ஆன்லைன் கேசினோ தொடங்குங்கள். சாஃப்ட்வேர் ரெடி!’ - இப்படி ஒரு விளம்பரம் உங்கள் மொபைலிலும் வந்திருக்கலாம். ‘கேசினோ நடத்துறவன் தோத்ததா சரித்திரமே இல்லைப்பா, முதல் மட்டும் போடுங்க’ என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பிள்ளை சொல்லும் கணக்கில் பாதி உண்மை. ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணில் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் லாபம் 3,500 ரூபாய்தான். அதாவது 37-ல் ஒரு வாய்ப்பு, பரிசோ 35 மடங்கு. நீண்ட ஓட்டத்தில் கட்டப்படும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 2.70 ரூபாய் நடத்துபவருக்கு நிற்கும்.

மீதிப் பாதியை விற்பவர் சொல்ல மாட்டார். அந்த 2.70-ல்தான் விளம்பரம், போனஸ், பணப் பரிவர்த்தனைக் கட்டணம் எல்லாம். ‘ஒயிட் லேபிள்’ முறை என்றால், சாஃப்ட்வேர் கொடுத்தவருக்கும் மாதாமாதம் பங்கு போக வேண்டும். முதல் வாரத்திலேயே ஒருவர் பெருந்தொகை ஜெயித்தால், அதைக் கொடுக்கக் கையிருப்பும் வேண்டும்.

வெளிநாட்டில் முறையாகத் தொழில் செய்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்பு மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

* எண்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் நிரலை ஜி.எல்.ஐ., ஈகோக்ரா போன்ற ஆய்வகங்கள் சோதித்துச் சான்று அளித்திருக்கின்றனவா?

* மால்டா, குராசோ போன்ற இடங்களின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது? சாஃப்ட்வேர் வாங்கினால் உரிமம் தானாக வந்துவிடாது.

* ஆடுபவர்களின் பணமும் விவரங்களும் யார் சர்வரில் இருக்கின்றன? மலிவாகக் கிடைக்கும் திருட்டு நகல்களில், விற்றவரே உள்ளே நுழைய ரகசிய வழி வைத்திருக்கலாம்.

இந்த மூன்றும் சரியாக இருந்தாலும், நம் ஊரில் கதை வேறு. தமிழ்நாடு அரசின் 2022-ம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தாலும் 2 ஆண்டுகள் வரை சிறை உண்டு. ‘சர்வர் வெளிநாட்டில்தானே இருக்கிறது’ என்ற சமாதானமும் எடுபடாது. இங்கே இருப்பவர்களை ஆட வைத்தால் சட்டம் பாயும்.

ஆக, அந்த சாஃப்ட்வேர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு அதன் மதிப்பு பூஜ்யம்தான். பிள்ளை கேட்டால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். விற்பவருக்கு லாபம் அன்றைக்கே வந்துவிடும். வழக்கு மட்டும் வாங்கியவர் பெயரில் வரும்.