பழத்தோலின் பயனும் எல்லையும்

நோயுற்றவரைக் காண வருவோர் பழப்பையுடன் வருவது நம் ஊர் வழக்கம். அப்பைகளில் சாத்துக்குடியும் கமலா ஆரஞ்சும் தவறாமல் இடம்பெறும். சாறு நோயாளிக்குப் போய்ச் சேரும். தோல் கட்டிலருகே ஒரு தாளில் மடிந்து கிடக்கும். அத்தோலைக் கொண்டு கேக்கிற்கு மணமூட்டலாம், எறும்பை விரட்டலாம், கொசுவையும் ஒழிக்கலாம் என்று உறவினரும் அண்டை வீட்டாரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இவற்றுள் முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மை. மூன்றாவதை நம்பியிருப்பது ஆபத்து. நோயாளி இருக்கும் வீட்டில் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம்.

தோலில் இருப்பது என்ன?

ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பிழிந்தால் நுண்ணிய துளிகள் தெறிப்பதைக் காணலாம். வண்ணமுள்ள மேல்தோலில் எண்ணெய்ப் பைகள் நிறைந்திருக்கின்றன. அவ்வெண்ணெயில் 90 விழுக்காட்டுக்கும் மேல் லிமோனீன் என்னும் பொருளே உள்ளது. மணத்தைத் தருவதும் அதுவே. பூச்சிகளுக்கு ஒவ்வாததும் அதுவே. மேல்தோலுக்கு அடியில் உள்ள வெண்ணிறப் பகுதி கசப்பைத் தருவது. ஆகவே, சமையலுக்கு வண்ணப் பகுதியை மட்டும் மெல்லத் துருவி எடுக்க வேண்டும்.

கடையில் விற்கும் பழங்கள் பளபளப்பதற்காக மெழுகும், அழுகாதிருக்கப் பூஞ்சைக்கொல்லியும் பூசப்பட்டிருக்கக்கூடும். வெதுவெதுப்பான நீரில் நன்கு தேய்த்துக் கழுவினால் அவை குறையுமேயன்றி முற்றிலும் நீங்கா. வீட்டுத் தோட்டத்தில் மருந்து தெளிக்காமல் வளர்ந்த எலுமிச்சையும் நாரத்தையும் கிடைக்குமாயின் அவையே சிறந்தவை.

உப்பைக் குறைத்தவர்க்கு ஒரு துணை

கேக் செய்வோர், 250 கிராம் மாவுக்கு ஓர் ஆரஞ்சின் மேல்தோல் துருவலைச் சர்க்கரையுடன் சேர்த்து விரல்களால் கசக்கிய பின் மாவில் கலப்பர். சர்க்கரையின் உரசலால் எண்ணெய் வெளிவந்து மணம் மாவு முழுவதும் பரவுகிறது. முட்டையின் வாடையும் அடங்குகிறது. சர்க்கரைப் பாகில் ஊறிய தோல் கிறிஸ்துமஸ் கேக்கின் சிறப்பு. ஆயினும், அதில் பெரும்பகுதி சர்க்கரையே என்பதை நீரிழிவு உள்ளோர் நினைவில் கொள்ள வேண்டும்.

இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உடையோர்க்கு இத்துருவல் வேறொரு வகையிலும் உதவும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உப்பைக் குறைத்த உணவு சப்பென்று இருப்பதால் பலர் சில நாட்களிலேயே பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகின்றனர். சுண்டல், வேகவைத்த காய்கறி, ரசம், இட்லியுடன் உண்ணும் சட்னி ஆகியவற்றில் எலுமிச்சை மேல்தோல் துருவலை ஒரு சிட்டிகை தூவினால் நாவுக்கு உப்பின் குறை அவ்வளவாகத் தோன்றாது. அடுப்பிலிருந்து இறக்கிய பின் தூவுதல் நலம். நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியாகிவிடும்.

உப்பில் ஊறி வெயிலில் உலர்ந்த நாரத்தங்காய் நம் வீடுகளில் காய்ச்சல் கண்டவர்க்குக் கஞ்சியுடன் தரப்படுவது. வாய்க்கு ருசியூட்டினாலும் அது உப்பின் திரள். உப்புக் கட்டுப்பாட்டில் உள்ளோர்க்கு அது ஆகாது.

மருந்தோடு முரண்படும் பழம்

1989-இல் கனடா நாட்டு ஆய்வாளர் ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தை ஆராய்ந்தபோது, கிரேப்ஃப்ரூட் சாறு அம்மருந்தின் அளவை இரத்தத்தில் பன்மடங்கு உயர்த்துவதைத் தற்செயலாகக் கண்டனர். குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அப்பழத்தின் வேதிப்பொருள்கள் முடக்கிவிடுவதே காரணம். பம்பளிமாசிலும் அவ்வகைப் பொருள்கள் உள்ளன. தோலிலும் அவை உண்டு. சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின், நிஃபெடிபின், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றை உட்கொள்வோர் இப்பழங்களையும் அவற்றின் தோலால் ஆன ஜாமையும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு ஆகியவற்றால் பொதுவாக இத்தொல்லை இல்லை.

எறும்புக்கு ஏற்றது

எறும்புகள் தாம் விட்டுச்செல்லும் மணத்தடத்தைப் பின்பற்றியே வரிசையாக வருகின்றன. அத்தடத்தைச் சோப்பு நீரால் துடைத்து, புதிய தோலின் உட்புறத்தை மேற்புறமாக மடக்கி அவ்விடத்தில் எண்ணெய் படுமாறு பிழிந்தால், சில மணி நேரம் அவ்வழி தடைப்படும். எண்ணெய் விரைவில் ஆவியாகிவிடுவதால் இதை அன்றாடம் செய்ய வேண்டும். தோலை அப்படியே மூலையில் போட்டு வைத்தால் அது அழுகி, எறும்பையும் பழ ஈயையும் அழைக்கும். மருத்துவமனைக் கட்டிலடியில் சேரும் தோலை உடனுக்குடன் குப்பைத்தொட்டியில் இடுவதே நன்று.

வினிகரில் இரு வாரம் ஊறிய தோல் பிசுபிசுப்பைத் துடைக்க உதவும். ஆனால், மழைக்காலத்தில் நம் பகுதி வீடுகளில் பிளீச்சிங் பவுடர் மிகுதியாகப் புழங்குகிறது. அத்துடன் வினிகர் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். ஆஸ்துமா உள்ளோர்க்கு அது உயிராபத்து. இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர். உலர்ந்த தோலை எரித்துப் புகை போடுவதையும் மூச்சுத்திணறல் உள்ளோர் இருக்கும் அறையில் தவிர்க்க வேண்டும். எலுமிச்சைத் தோலின் எண்ணெய் பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் தீப்பட்டதுபோல் கன்றிக் கொப்புளிக்கலாம். கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே வெளியே செல்க. பூனை வளர்ப்போர் அதன் உடலில் இவ்வெண்ணெய் படாமல் காத்தல் வேண்டும். பூனைக்கு அது நஞ்சு.

கொசுவுக்குப் போதாது

2015 நவம்பரில் பெய்த பெருமழை கடலூர் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய மழைக்குப் பின் தேங்கும் நன்னீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுகிறது. எலுமிச்சையில் கிராம்பைக் குத்தி வைப்பதும், ஆரஞ்சுத் தோலைக் கையில் தேய்ப்பதும் அக்கொசுவிடமிருந்து காக்க மாட்டா. மணம் மறைந்ததும் காப்பும் மறைந்துவிடும்.

ஏடிஸ் பகலில் கடிப்பது. ஆகவே, பகலில் உறங்கும் நோயாளிக்கும் குழந்தைக்கும் கொசுவலை கட்டுங்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ 8 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டி, குடம், பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றைக் காலி செய்தால் அச்சுழற்சி அறுபடும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டி, நீரின்றியும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். எனவே, நீரைக் கொட்டுவதோடு நில்லாமல் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

காய்ச்சல் கண்டால் ஆஸ்பிரின், இபுபுரோஃபென் மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ளாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சல் தணிந்த பிறகு வயிற்றுவலியோ, ஓயாத வாந்தியோ, இரத்தக் கசிவோ, மயக்கமோ தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்.