தூத்துக்குடி ரயில் பாஸ் கணக்கு: மாசம் 270 ரூபாய் போதுமா?

திருநெல்வேலியில வீடு, தூத்துக்குடியில வேலை. துறைமுகம், ஷிப்பிங் ஏஜென்சி, அனல்மின் நிலையம், பேங்க்னு தினமும் இப்படி போய் வர்றவங்க நம்ம சேனல்ல நிறைய பேர் இருக்கீங்க. அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணுதான்: "பைக்கா, ரயிலா?" இன்னைக்கு அதை கணக்கு போட்டே பார்த்துடலாம்.

முதல்ல ரூட்டை புரிஞ்சுக்கோங்க

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1870-களில். துறைமுகச் சரக்குக்காகவும், இங்கிருந்து கப்பல் ஏறி கொழும்பு போறவங்களுக்காகவும் போட்ட பாதை. அதனால மெயின் லைன்ல மணியாச்சி வரைக்கும் போய், அங்கிருந்துதான் மற்ற ஊருக்குப் பிரியணும். 1911-ல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷை சுட்ட அதே ஜங்ஷன், இன்னைக்கு வாஞ்சி மணியாச்சி. ரோட்டுல நேரா போனா நெல்லை சுமார் 50 கிலோமீட்டர். ரயில் மீளவிட்டான், தட்டப்பாறை, மணியாச்சின்னு சுற்றிப் போறதால சுமார் 60 கிலோமீட்டர். நேரம் கொஞ்சம் கூடும், காசு ரொம்பக் குறையும்.

பைக் கணக்கு

போக வர 100 கிலோமீட்டர். மாசம் 25 நாள்னா 2,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிடைச்சா 50 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய்னு ரவுண்டா வச்சாலும் 5,000 ரூபாய். இவ்வளவு ஓட்டுற வண்டிக்கு ஆயில், டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாசம் 700 ஒதுக்கணும். மொத்தம் 5,700 ரூபாய். வண்டி இஎம்ஐ இதுல சேரலை.

ரயில் கணக்கு

46 முதல் 70 கிலோமீட்டர் வரைக்கும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் 270 ரூபாய். மூணு மாச சீசன், ஒரு மாசக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, அதாவது சுமார் 730. ஸ்டேஷன்ல வண்டி நிறுத்த ஒரு நாளைக்கு 20 ரூபாய், தூத்துக்குடியில இறங்கி ஆபீஸ் போய் வர பஸ், ஷேர் ஆட்டோவுக்கு 50 ரூபாய்னு வைப்போம். ரெண்டும் சேர்த்து மாசம் 1,750. மொத்தம் 2,020 ரூபாய்.

வித்தியாசம் 3,680. இதுல டிக்கெட் செலவை விட கடைசி சில கிலோமீட்டர் செலவுதான் பெருசு, கவனிச்சீங்களா? ஸ்டேஷன் பழைய ஊருக்குள்ள இருக்கு, துறைமுகம் ஊரைத் தாண்டி தெற்கே இருக்கு. ரெண்டு பேர் சேர்ந்து போனாலே ஆட்டோ செலவு பாதியாகும்.

"சாயங்காலம் டைமிங் ஒத்து வரலையே?"

நியாயமான கேள்வி. இங்கே ரயில்கள் குறைவு. அதனால வண்டியை விற்கிறதுக்கு முன்னாடி, காலையில வர்ற ரயிலை விட, வேலை முடிஞ்சு திரும்புற ரயிலை முதல்ல பாருங்க. ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம் தாமதமானாலும் அது கிடைக்குமா?

கிடைக்காதுன்னா, காலையில ரயில், மாலையில பஸ். சாதாரண டிக்கெட் 15 ரூபாய்ங்கிறதால 18 தடவை ஏறினாலே 270 ரூபாய் சீசன் காசு வந்துடும். ஒரு வழி மட்டும் போனாலும் சீசன் லாபம்தான்! மாலை பஸ் 50 ரூபாய்னு வச்சா மாசச் செலவு 3,270. அப்பவும் 2,430 ரூபாய் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை: சீசன் டிக்கெட் வச்சு ரிசர்வேஷன் பெட்டியில ஏறக்கூடாது. மாட்டினா குறைந்தபட்ச அபராதமே 250 ரூபாய், கட்டணம் தனி. கிட்டத்தட்ட ஒரு மாச சீசன் காசு ஒரே நாள்ல போயிடும்.

ஜப்பான்ல எப்படி?

டோக்கியோ புறநகர்ல தினமும் ரயில்ல போறவங்க 1, 3, 6 மாசத்துக்கு 'தெய்கி' பாஸ் வாங்குவாங்க. பெரும்பாலான கம்பெனிகள் அந்தக் காசை சம்பளத்தோட கொடுத்துடும். மாசம் 1,50,000 யென் வரைக்கும் அதுக்கு வருமான வரி கிடையாது.

நம்ம ஊர்லயும் மாசம் 1,600 ரூபாய் வரை போக்குவரத்துப் படிக்கு வரிவிலக்கு இருந்துச்சு. 2018 ஏப்ரல்ல அதை எடுத்துட்டு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் கொண்டு வந்தாங்க. புதிய வரி முறையில இப்போ அது 75,000 ரூபாய். நீங்க பயணத்துக்கு 270 செலவு பண்ணினாலும் 5,700 செலவு பண்ணினாலும் கழிவு ஒரே அளவுதான். அதனால மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் முழுசா உங்க கைக்குத்தான் வரும்.

மிச்சமாகுற 3,500-ஐ என்ன செய்யலாம்?

முதல் சில மாசம் அவசர நிதி. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோட நின்னுச்சு. ரோடும் துண்டாச்சு. அப்படி ஒரு வாரத்துல தங்க இடம், சாப்பாடு, மாற்று வண்டின்னு எல்லாத்துக்கும் கைக்காசு வேணும். மூணு மாசச் செலவு சேர்ற வரைக்கும் வேற எதையும் தொடாதீங்க.

அதுக்கப்புறம் மாசம் 3,500 எஸ்ஐபி. 10 வருஷத்துல நீங்க போடுறது 4.2 லட்சம். வருஷம் 7% வளர்ந்தா சுமார் 6.1 லட்சம், 12% வளர்ந்தா சுமார் 8.1 லட்சம். மார்க்கெட்ல எதுவும் உறுதி கிடையாது, அதனால ரெண்டு கணக்கையும் மனசுல வச்சுக்கோங்க. சம்பளம் வந்த மறுநாளே பணம் போற மாதிரி தேதி வையுங்க. இல்லைன்னா பெட்ரோல்ல மிச்சம் பிடிச்சது ஸ்விக்கியில போயிடும்!

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. போன மாச யுபிஐ ஹிஸ்டரியில பெட்ரோல் பங்க் செலவை மட்டும் கூட்டுங்க.
2. திரும்பி வர்ற ரயில் நேரத்தை உங்க ஷிஃப்ட்டோட ஒப்பிடுங்க.
3. ஒரு மாசத்துக்கு மட்டும் சீசன் எடுத்துப் பாருங்க. ஒத்து வந்தா மூணு மாசத்துக்கு மாத்துங்க.
4. அதுவரைக்கும் புது பைக் இஎம்ஐ எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

270 ரூபாய்ல சோதிச்சுப் பார்க்கக்கூடிய விஷயம் இது. உங்க ரூட், உங்க மாசச் செலவு எவ்வளவுன்னு வீடியோவுக்குக் கீழே எழுதுங்க. அடுத்த பதிவுல கூடுவாஞ்சேரி–கிண்டி ரூட்டுக்கும் இதே மாதிரி கணக்கு போடுவோம்.