கொம்புக்கு முன் ஒரு பெண் மான்: நியூஜெர்சி வில் வேட்டை விதி

செப்டம்பரில் நியூஜெர்சியில் வில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அங்கே வசிக்கும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்வி பல விதமாக வந்திருக்கிறது: பக்கத்து வீட்டுத் தோட்டத்து மரத்தில் பரண் கட்டுகிறார்களே, சட்டம் இதை அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது. துப்பாக்கிக்குக் கட்டடத்திலிருந்து 450 அடி இடைவெளி வேண்டும். வில்லுக்கு மட்டும் 2010இல் அதை 150 அடியாகக் குறைத்தார்கள். ஆனால் 150 அடிக்கும் 450 அடிக்கும் இடையே நின்று மானை எய்பவர் உயரத்திலிருந்து கீழ்நோக்கித்தான் எய்ய வேண்டும். குறி தவறினாலும் அம்பு மண்ணில் குத்தி நின்றுவிடும். பரண் அதற்காகத்தான்.

நாம் கவனிக்க வேண்டியது இன்னொரு விதி. சில மண்டலங்களில், பருவத்தின் தொடக்க வாரங்களில், கொம்பில்லாத மான் ஒன்றை வீழ்த்திய பிறகே கொம்புள்ளதைக் குறிவைக்கலாம். 'ஏர்ன் எ பக்' (ஆண் மானைச் சம்பாதித்துக்கொள்) என்பது அதன் பெயர். வெள்ளைவால் மான்களில் ஓர் ஆண் பல பெண் மான்களோடு சேரும். ஆண்களை எவ்வளவு கொன்றாலும் அடுத்த ஆண்டுக் குட்டிகள் பெரிதாகக் குறையாது. வளர்ந்த பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். வேட்டைக்காரருக்கோ சுவரில் மாட்டக் கொம்பு வேண்டும். அந்த ஆசையைக் காட்டியே அவரைப் பெண் மானைக் குறைக்க வைக்கிறார்கள். கெட்டிக்கார யோசனைதான்.

ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. கொம்பு முளைக்காத ஆண் குட்டியும் சட்டப்படி 'கொம்பில்லாத மான்'. அதை வீழ்த்தினாலும் கணக்கு நேராகிவிடும், இனப்பெருக்கமோ அப்படியே தொடரும். அதிகாரிகள் 'மேலாண்மை' என்று சொல்லி, கொன்ற மான்களின் எண்ணிக்கையைத் தருகிறார்கள். மிஞ்சிய பெண் மான்கள் எத்தனை என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டிய எண். தவிர, இந்த விதிக்கு ஆயுளும் உறுதியில்லை. விஸ்கான்சின் மாநிலம் 1996இல் இதைக் கொண்டுவந்தது; பெரிய கொம்புகளைக் கண்முன்னே போகவிட நேர்ந்த வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள்; 2011இல் சட்டமன்றமே அதை ஒழித்தது.

கொல்லாமல் கருத்தடை செய்யலாமே? நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகம் 2007 முதல் பெண் மான்களுக்குக் கருக்குழாய் அறுவை செய்து பார்த்தது. கருத்தரிக்காத மான்கள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. வெளியிலிருந்து ஆண் மான்கள் திரண்டன. வளாகத்தில் மொத்த எண்ணிக்கை குறையவில்லை.

மான்களைக் குறைத்தால், உண்ணிகள் பரப்பும் லைம் நோய் குறையுமா? வட நியூஜெர்சியில் மான்களைக் குறைத்த பகுதி பற்றி 2007இல் வெளியான ஆய்வில் உண்ணிகள் குறைந்ததாகத் தெரியவில்லை.

வேட்டைக்காரர் தீனி வைத்து மானை வரவழைக்கலாமா? நியூஜெர்சியில் தடையில்லை.

அம்பு பட்ட மான் நம் நிலத்துக்குள் ஓடிவந்தால்? தடை அறிவிப்புப் பலகை வைத்த நிலமென்றால், வேட்டைக்காரர் உங்களைக் கேட்காமல் நுழையக் கூடாது.

150 அடிக்குள் எய்ய வேண்டுமென்றால் கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி தேவை. அந்தத் தாளில் கையெழுத்திடும் முன், வளர்ந்த பெண் மானைத்தான் எய்வாரா என்று கேளுங்கள். உங்கள் டவுன்ஷிப்பின் வேட்டை அறிக்கையில் பெண் மான்களையும் ஆண் குட்டிகளையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள்.