ஸ்பெக்ட்ரம் கணனியும் அதன் விசைப்பலகையும்

பிரித்தானியாவின் சின்கிளேயர் நிறுவனம் 1982 ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணனி, 2024 ஆம் ஆண்டு வேறொரு நிறுவனத்தால் மீளுருவாக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. தோற்றம் பழையது, றப்பர் விசைகளும் அவ்வாறே நாற்பது. ஆனால் உள்ளே, பழைய செயலியைப் போலச்செய்யும் மென்பொருளே இயங்குகின்றது. 48 கே நிலையில் பேசிக் மொழியில் நிரல் எழுத முற்படும் புதியவர் ஜே விசையை அழுத்தியதும், திரையில் 'லோட்' என்னும் முழுச்சொல் தோன்றக் கண்டு கருவி பழுதுற்றதென எண்ணக்கூடும். பழுது எதுவுமில்லை.

திரையில் மின்னும் குறி 'கே' என்றிருக்கையில் கணனி கட்டளைச் சொல்லொன்றை எதிர்பார்க்கின்றது. சொல் இடப்பட்டதும் குறி 'எல்' ஆகின்றது. இப்போது ஜே விசை ஜே எழுத்தையே தரும். முக்காற்புள்ளி இட்டால் மீண்டும் 'கே' வரும். ஆகவே விசையின் பொருளைத் தீர்மானிப்பது வாக்கியத்தில் அது நிற்கும் இடமேயாகும். இம்முறை 1980 இல் வெளிவந்த இசட்.எக்ஸ்.80 கணனியில் தொடங்கியது. 100 பவுணுக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்ட அக்கணனியின் வாசிப்பு நினைவகம் 4 கிலோபைற். பயனருக்குரிய நினைவகமோ 1 கிலோபைற். எழுத்தெழுத்தாகத் தட்டப்பட்ட சொல்லை இனங்காணும் நிரலுக்கு அங்கே இடமேது? ஒரு விசைக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பைற் என்பதே அச்சிக்கனத்தின் விளைவு. இதனை விந்தைப் பழக்கமென நகைப்போர், சாதாரண குடும்பத்தின் கைக்கெட்டும் விலை எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை மறந்துவிடுகின்றனர்.

அழிப்பதற்குத் தனிவிசை கூட 1982 ஆம் ஆண்டுக் கருவியில் இல்லை. பேரெழுத்து மாற்று விசையுடன் பூச்சியத்தை அழுத்துதல் வேண்டும்.

இதனினும் ஆழமான சிக்கலொன்று உண்டு. பழைய விளையாட்டு நிரல்கள் எழுத்துக்களை வாசிப்பதில்லை. ஐந்து ஐந்தாக எட்டு அணிகளில் அமைந்த விசைகளுள் எவை அக்கணத்தில் அழுத்தப்பட்டுள்ளன என்பதையே அவை நேரடியாக நோக்கும். எனவே விசை விடுபட்ட கணமும் தெரிதல் வேண்டும். 2015 இல் ஸ்பெக்ட்ரம் வடிவில் வெளிவந்த கம்பியில்லா விசைப்பலகையொன்று, அதன் விளையாட்டு நிலையில், அழுத்துகையில் ஓர் எழுத்தையும் விடுகையில் பிறிதோர் எழுத்தையும் அனுப்பி இதற்கு வழிகண்டது. நுட்பமான தீர்வென்றே கருதுகின்றோம். எனினும் அதனை அறியாத மென்பொருளுக்கு முன் ஒரு விசையை ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்துக்கள் வந்து நிற்கும்.

மூலக் கருவியின் குறைபாடும் மீளுருவாக்கத்திற்கு உரியதா என்பது விவாதத்துக்குரியது. அதில் கியூ, டபிள்யூ, ஏ ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினால், தொடப்படாத எஸ் விசையும் அழுத்தப்பட்டதாகவே கணனி கொள்ளும். மின்சுற்று அந்த மூன்றின் வழியே நான்காவதைச் சென்றடைவதே காரணம். ஒவ்வொரு விசையையும் தனித்தனியே அறியும் பலகையில், மென்பொருள் வலிந்து உருவாக்கினாலன்றி, இப்பொய்விசை தோன்றாது. விளையாடுவோருக்கு அது நன்மையே. ஆனால் அக்கால நிரலொன்றின் நடத்தையை ஆராய்பவர், தாம் எந்தப் பலகையில் அதனைச் சோதித்தார் என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும்.