திருவொற்றியூர் புல்லட்டும் டெல்லி மேசையும்

திருவொற்றியூருக்கு புல்லட் தொழிற்சாலை வந்ததற்கு நம் தரைப்படையும் ஒரு காரணம். 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேடிய ராணுவம், இங்கிலாந்தின் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. ஆர்டர் மெட்ராஸ் மோட்டார்ஸ் கைக்கு வந்தது. அந்த வண்டியை இங்கே செய்ய 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. வெளிநாட்டுப் பாகங்களை இங்கே பூட்டியவர்கள், பிறகு பாகங்களையும் தாங்களே செய்தார்கள். பெட்ரோல் டேங்கில் கை நடுங்காமல் தூரிகையால் தங்கக் கோடு இழுத்த கலைஞர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். எண்ணூர் அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரியும் ராணுவத்துக்குப் போனது, ஜபல்பூரில் பூட்டப்பட்டது.

ராணுவத்துக்கு எந்த வண்டி வாங்குவது, பணம் எங்கிருந்து? இதைக் கவனிப்பது டெல்லியில் உள்ள தரைப்படைத் தலைமையகம். நெடுங்காலம் தளவாட இருப்புக்குப் பொறுப்பு, மாஸ்டர் ஜெனரல் ஆஃப் ஆர்டினன்ஸ் என்ற லெப்டினன்ட் ஜெனரல். புதிய கொள்முதலுக்கான மூலதனச் செலவு வேறொரு மேசையில் இருந்தது. அண்மைச் சீரமைப்பில் இரண்டையும் ஒரே உதவித் தலைமைத் தளபதியின் கீழ் கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு. லாரி வாங்கும்போதே, பனிமலையில் அது நின்றுபோனால் மாற்ற வேண்டிய கிளட்ச் பிளேட்டுக்கும் சேர்த்துத் திட்டமிட முடிகிறதே!