கத்திக்குத் தெரியாத இடைவெளி

காவிரி கடலில் சேரும் பூம்புகாரில் எழுத்து பழங்காலத்திலேயே ஏட்டைவிட்டுத் தெருவுக்கு வந்திருந்தது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை இந்தத் துறைமுகத்தில் குவிந்து கிடந்த சரக்குப் பொதிகளைச் சொல்லும்போது, அவற்றின்மேல் உடையவர் பெயர் பொறித்திருந்ததையும் சேர்த்தே சொல்கிறது. பொதியின்மேல் இட்ட அந்த எழுத்துக்குக் காப்பியம் தரும் பெயர் கண்ணெழுத்து. இது யாருடைய சரக்கு என்று பார்த்த கணத்திலேயே தெரிய வேண்டும். அதற்கென்று இட்ட எழுத்து அது. இன்று அந்த வேலையைச் சீர்காழி, மயிலாடுதுறைக் கடைத்தெருக்களின் ஸ்டிக்கர் கடைகள் செய்கின்றன. மினி லாரியின் கண்ணாடியில் பிள்ளைகளின் பெயர், மருந்துக்கடைக் கதவில் கடையின் பெயர், ஃபைபர் படகில் குலதெய்வத்தின் பெயர் என்று எழுத்தை வெட்டித் தருவது கட்டிங் பிளாட்டர் என்னும் எந்திரம். இரவில் மின்னும் வகையை மக்கள் ரேடியம் ஸ்டிக்கர் என்கிறார்கள். ரேடியம் அதில் துளியும் இல்லை, விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்புதான் இருக்கிறது. இதே எந்திரத்தின் சிறு வடிவங்களான கிரிகட், சிலூயெட் போன்றவை வீட்டு மேசைக்கும் வந்துவிட்டதால், கொலுவுக்கும் வளைகாப்புக்கும் பெயரை வீட்டிலேயே வெட்டுகிறார்கள். வெட்டு சுத்தமாகத்தான் விழுகிறது. ஒட்டியபின் பார்த்தால் மட்டும் ஏதோ சரியில்லை. சொல் ஒரு சொல்லாக நிற்கவில்லை. கத்தி மழுங்கிவிட்டது என்று அதை மாற்றிப் பயனில்லை. பிழை இடைவெளியில் இருக்கிறது. தமிழில் இடைவெளியும் எழுத்தின் ஓர் உறுப்பு. அதை எந்திரத்தின் பொறுப்பில் விடக்கூடாது என்பதே என் வாதம்.

எந்திரத்துக்குள் நடப்பது எளிமையானது. பின்புறம் பசையும் அதை மூடிய வழவழப்பான தாளும் கொண்ட வினைல் சுருளை உருளைகள் கவ்விக்கொண்டு முன்னும் பின்னும் நகர்த்தும். கத்தி பொருத்திய வண்டி இடமும் வலமுமாக ஓடும். இரண்டு அசைவும் சேர்ந்தால் எந்த வளைவும் கிடைக்கும். கத்தியின் நுனி அதன் அச்சிலிருந்து ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் விலகி இருப்பதால், சுழல்நாற்காலியின் சக்கரம்போல இழுபடும் திசைக்குத் தானாகவே திரும்பிக்கொள்கிறது. வினைல் அறுபட வேண்டும், அடித்தாள் அறுபடக்கூடாது. அந்த அழுத்தத்தைக் கண்டுபிடிப்பதுதான் கைப்பழக்கம். பிறகு எழுத்தைச் சுற்றியுள்ள வினைலை உரித்தெடுத்து, மிஞ்சிய எழுத்துகளை ஒரு டேப்பில் ஏந்தி, வேண்டிய இடத்தில் பதிக்கிறார்கள். இந்த வரிசையில் எந்த இடத்திலும் எந்திரத்துக்கு எழுத்து என்றால் என்னவென்று தெரியத் தேவையில்லை. அது கோட்டைப் பின்தொடர்கிறது, அவ்வளவுதான். ககரம் எங்கே முடிகிறது, அதன் கால் எங்கே தொடங்குகிறது, புள்ளி எந்த மெய்க்கு உரியது என்பதெல்லாம் வெட்டச் சொல்பவரின் கண்ணில் இருக்க வேண்டிய அறிவு.

அந்த அறிவு எவ்வளவு தேவை என்பதற்குப் பூம்புகாரின் பழம்பெயரே நல்ல சோதனை. காவிரிப்பூம்பட்டினம்: 11 எழுத்து, அவற்றுக்கு நடுவே 10 இடைவெளி. பத்தையும் அளவுகோல் வைத்து ஒரே அளவாக வைத்தால் சொல் சீராக இருக்கும் என்று தோன்றும்; இருக்காது. பகரத்தின் வலத்தண்டும் டகரத்தின் இடத்தண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. இரண்டு நேர்க்கோடுகள் அருகருகே வந்தால் நெருக்கடி தோன்றும். அங்கே இடம் கூடுதலாக வேண்டும். அதற்கு அடுத்த இடுக்கிலேயே நிலைமை தலைகீழ். டகரத்துக்கு வலப்பக்கம் மேலே ஒன்றுமே இல்லை, வெறும் வெளி. அதன்பின் அதே அளவு இடைவெளி விட்டு ‘டி’யை வைத்தால் சொல் அந்த இடத்தில் இரண்டாக உடைந்து, ‘காவிரிப்பூம்பட்’ ஒரு பக்கமும் ‘டினம்’ ஒரு பக்கமும் நிற்கும். அங்கே இறுக்கிப் பிடிக்க வேண்டும். ‘டி’யில் மேல்விலங்கு அந்த வெளியை அடைத்துக்கொள்வதால் அதற்கும் னகரத்துக்கும் நடுவில் அந்தச் சிக்கல் இல்லை. மகரத்தின் வலப்பக்கம் வளைவு. வளைவு ஓரிடத்தில்தான் நெருங்குகிறது, மேலும் கீழும் விலகிப் போகிறது, ஆகையால் தண்டுக்குக் கொடுத்த அளவைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுத்தால் போதும். டெல்டாக்காரர்களுக்கு இதை நெல்லை வைத்துச் சொல்லலாம். எழுத்துகளைச் சுவர்களாக நினைத்து நடுவில் நெல்லைக் கொட்டினால் ஒவ்வோர் இடுக்கும் ஏறக்குறைய ஒரே படி நெல்லைக் கொள்ள வேண்டும். சமமாக வேண்டியது கொள்ளளவு. சுவருக்குச் சுவர் உள்ள தூரம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

‘கொஞ்சம் தள்ளியிருந்தால் என்ன, படிக்க முடிகிறதே’ என்பது முதல் மறுப்பு. ஆங்கிலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். தமிழில் ஓர் எழுத்தே இரண்டு மூன்று துண்டுகளாக எழுதப்படுகிறது. ‘கொ’ என்பதில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் ககரம். துண்டுகளுக்குள் உள்ள இடைவெளி எழுத்துகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைவிடக் குறைவாக இருந்தால்தான் மூன்றும் சேர்ந்து ஓர் ஒலி என்று கண் எடுத்துக்கொள்ளும். ‘கௌ’ என்பதையும் ‘கெள’ என்பதையும் பாருங்கள்: பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வடிவ வேறுபாடே கிடையாது, ளகரம் எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பது ஒன்றே வேறுபாடு. ஔவையாரின் முதல் எழுத்துக்கும் இதே கதிதான். காலுக்கும் வால் இல்லாத ரகரத்துக்கும் உருவம் ஒன்றாகிவிடும் எழுத்துருக்களும் உண்டு. சொல்லுக்குச் சொல் விடும் இடமும் பொருளைத் தூக்கிச் செல்கிறது. மரக்கடைக்காரர் பலகைகள் என்று வெட்டச் சொன்னதை இடைவெளி ‘பல கைகள்’ ஆக்கிவிடும். படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்பது உண்மைதான். ஆனால் ஓடும் வண்டியின் கண்ணாடியிலோ அலையில் ஆடும் படகிலோ உள்ள பெயரை ஊகித்துப் படிக்க அவருக்கு நேரம் இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: எழுத்துருவை வடிவமைத்தவரே இடைவெளியையும் வைத்துத்தானே தருகிறார், நாம் ஏன் கை வைக்க வேண்டும்? இதற்கு விடை தேடப் பூம்புகாரிலிருந்து தெற்கே கடற்கரையோரமாகத் தரங்கம்பாடிவரை போனால் போதும். 1706இல் அங்கே வந்திறங்கிய கிறித்தவ மதபோதகர் சீகன்பால்குக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் ஈய எழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டன. அவை மிகப் பெரியவையாக இருந்தன, காகிதமோ அரிது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். ஈய எழுத்தில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எழுத்தின் முகம் எவ்வளவு அகலமோ அதைவிடக் கொஞ்சம் அகலமான கட்டையில் அது நிற்கும். இரண்டு பக்கமும் மிஞ்சும் அந்த ஓரமே அடுத்த எழுத்தோடு வைக்கும் இடைவெளி. இடைவெளிக்கும் ஈயம் இருந்தது, அதற்கும் எடை இருந்தது. பெரிய எழுத்துக்கு ஒரு கட்டை, சிறிய எழுத்துக்கு வேறொரு கட்டை என்று ஒவ்வோர் அளவுக்கும் இடைவெளி புதிதாகத் தீர்மானிக்கப்பட்டது. கணினி எழுத்துருவிலும் அந்த ஓரம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது; ஆனால் அளவுக்கு அளவு அது மாறுவதில்லை. புத்தகப் பக்கத்தில் 12 புள்ளி அளவில், அதாவது 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், படிக்கத் தளர்வாக வைத்த இடைவெளியை நாம் 150 மில்லிமீட்டர் எழுத்துக்கு இழுத்தால் தளர்வும் அதே மடங்கு பெருகிவிடும். வடிவமைத்தவர்மேல் குற்றமில்லை. அவர் புத்தகத்துக்குச் செய்தார், நாம் படகுக்கு வெட்டுகிறோம்.

கணினியின் உள்ளே இன்னொரு குழியும் இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் புள்ளி தனி விசையில் வரும் தனித் துண்டு. முன்னுள்ள எழுத்தின் தலைமேல் சாய்த்து வைக்கப்படுவது. எல்லா எழுத்துக்கும் ஒரேயடியாக இடைவெளியைக் கூட்டினால் புள்ளியும் அதே அளவு வலப்பக்கம் நழுவி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரப் பார்க்கும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றபின் எழுத்துருக்கள் மேம்பட்டன. ஆனால் வெட்டும் மென்பொருள்கள் சிலவற்றுக்கு இன்னும் ஒருங்குறித் தமிழைக் கோக்கத் தெரியாது, கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். நம்பகமான வழி, தமிழைச் சரியாகக் காட்டும் வரைகலை மென்பொருளில் சொல்லை அமைத்து, கோட்டு வடிவமாக மாற்றி, அந்தக் கோப்பை எந்திரத்துக்குக் கொடுப்பது. எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பினால் உடைவதற்கு எதுவும் இருக்காது. மாற்றியபின் கொக்கியும் விலங்கும் உடலின்மேல் ஏறியிருக்கும் இடங்களை ஒன்றாக இணைக்க வேண்டும். கடைகளில் இதை வெல்ட் என்பார்கள். இணைக்காமல் விட்டால் கத்தி ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு கோட்டையும் வெட்டி ‘கி’யின் விலங்கைத் தனித் துண்டாக்கிவிடும். இதில் முறை மாறக்கூடாது: முதலில் இடைவெளி, அடுத்து இணைப்பு, கடைசியாக வெட்டு. தொடும் எழுத்துகளை இணைத்தபின் இடைவெளியைத் திருத்த முடியாது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது புள்ளி. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் புள்ளியை அரிதாகவே காண முடியும். அந்தச் சுவர்களில் எழுத்தின் வடிவம் அவ்வளவு நேர்த்தி. புள்ளி மட்டும் அரிது, சொல் இடைவெளியும் இல்லை. ஓலைச்சுவடியிலும் அப்படித்தான். எழுத்தாணி புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அச்சு நிலைபெற்ற பிறகே புள்ளி தன் இடத்தை உறுதியாகப் பிடித்தது. இப்போது வினைல் கத்தி மறுபடியும் அதற்கு ஆபத்தாக வந்திருக்கிறது. எழுத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு புள்ளி என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிமீட்டர் எழுத்துக்குப் புள்ளியின் குறுக்களவு 2 மில்லிமீட்டர். அது ஒட்டி நிற்கும் பரப்பு மூன்று சதுர மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். இவ்வளவு சிறிய வட்டத்தில் கத்தி திரும்பி முடிப்பதற்குள் வினைல் நகர்ந்துவிடலாம். உரிக்கும்போது கழிவோடு போகலாம். அதற்கெல்லாம் தப்பினாலும் உப்புக்காற்றும் வெயிலும் முதலில் கழற்றுவது அதைத்தான். புள்ளி போனால் எழுத்து அழகு குறைந்ததாக மட்டும் ஆகாது, வேறு எழுத்தாகிவிடும். ‘கடல்’ என்று எழுதியது ‘கடல’ என்று நிற்கும்.

ஆகவே வெட்டுவதற்குப் புள்ளியைப் பெரிதாக்க வேண்டும் என்கிறேன். குறுக்களவை ஒன்றரை மடங்காக்கினால் ஒட்டும் பரப்பு இரண்டேகால் மடங்காகும். இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு. வளையமாக உள்ள புள்ளியை நிறைபுள்ளியாக்கினால் நடுவில் உள்ள பொடித் துளையை ஊசியால் நோண்டும் வேலையும் மிச்சம். கத்தியின் வேகத்தைப் புள்ளிகளுக்கு மட்டும் குறைத்துக்கொள்வதும் நல்லது. இந்த இடத்தில் ‘எழுத்தின் மரபு கெடாதா’ என்ற மறுப்பு நேர்மையாகவே எழும். மரபு புள்ளி இருக்க வேண்டும் என்கிறது, அது இவ்வளவு பெரியது என்று எங்கும் சொல்லவில்லை. கருவிக்கேற்ப எழுத்து மாறுவதும் நமக்குப் புதிதன்று. கல்லுளியும் எழுத்தாணியும் புள்ளியை விட்டன. வீரமாமுனிவர் குறில் நெடில் கொம்புகளைப் பிரித்ததாகச் சொல்வார்கள். 1978இல் அரசாணை ணை, லை, றா போன்ற 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அவற்றோடு ஒப்பிட்டால் நாம் கேட்பது சிறிய உரிமை. ஆனால் ஓர் எல்லை உண்டு. ஆங்கில எழுத்துகளில் செய்வதுபோல, விழாமல் இருக்கட்டும் என்று புள்ளியை ஒரு குச்சியால் உடலோடு இணைக்கும் உத்தி தமிழுக்கு உதவாது. ‘ம்’ அப்போது ‘மி’யின் சாயலைப் பெற்றுவிடும். புள்ளிக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள அந்தச் சிறு வெளியும் எழுத்தைச் சேர்ந்ததுதான்.

நேரம் இல்லை, கூலி கட்டாது என்று கடைக்காரர்கள் சொல்வது கடைசி மறுப்பு. அவர்கள் நிலைமையை மதிக்க வேண்டும். வாடிக்கையாளர் வெளியே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். இருந்தாலும் கணக்குப் பார்த்தால் ஒரு பெயரில் திருத்த வேண்டிய இடுக்குகள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான். டகரத்துக்குப் பின்னால், தண்டும் தண்டும் சந்திக்கும் இடத்தில், கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் என்று அவை எப்போதும் ஒரே இடங்களில்தான் ஒளிந்திருக்கும். பழகிய கைக்கு அது சில நிமிட வேலை. தவறாக வெட்டிய வினைலோ மறுபடி சுருளுக்குத் திரும்பாது. கையால் பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்கள் மேலும் கீழும் கோடு போட்டு, முழுச் சொல்லையும் மெல்லிதாக வரைந்து, எட்டி நின்று பார்த்த பிறகே வண்ணத்தைத் தொட்டார்கள். எந்திரம் அவர்களுடைய கையைத்தான் வாங்கிக்கொண்டது, எட்டி நின்று பார்த்த கண்ணை வாங்கவில்லை.

பெயர் வெட்டக் கொடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வெட்டுவதற்கு முன் ஒரு தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைச் சுவரில் ஒட்டி, ஒட்டப்போகும் இடத்திலிருந்து மக்கள் பார்க்கும் தூரம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். சொல் உடையும் இடம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு புள்ளிகளை எண்ணிச் சரிபாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் நான்கு.