உப்பேறிய கிணறும் திட்டக் கணக்கும்

நெல் பயிரிடும் உழவர் உழவு, விதை, உரம், ஆள்கூலி எல்லாவற்றையும் கூட்டி, விளைச்சலின் மதிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். துறைமுகம், அனல் மின் நிலையம், குடிநீர்த் திட்டம் போன்றவற்றுக்கும் இதே கணக்கு உண்டு. இதற்குப் பயன்-செலவு ஆய்வு என்று பெயர். மொத்தப் பயனை மொத்தச் செலவால் வகுத்தால் ஒன்றுக்கு மேல் வரவேண்டும். 1936-ல் அமெரிக்க வெள்ளத்தடுப்புச் சட்டத்தில் இம்முறை இடம்பெற்றது. பயன் யாருக்குக் கிடைத்தாலும் சரி, மொத்தத்தில் செலவை மிஞ்சினால் போதும் என்றது அச்சட்டம். சங்கடமே இங்கேதான்! பயன் ஓர் ஊருக்கும் நஷ்டம் இன்னோர் ஊருக்கும் போகலாம்.

எண்ணூரை அடுத்த மீஞ்சூர் வட்டாரத்தைப் பாருங்கள். இங்கு ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, சென்னை நகருக்கும் மணலி ஆலைகளுக்கும் நிலத்தடி நீரைக் கொண்டு சென்றனர். விவசாயிகளும் இறைத்தனர். மழை ஊட்டியதைவிட இறைத்தது மிகுந்ததால் கடல்நீர் உட்புகுந்தது. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உவர்ப்பு, 1980-களின் இறுதியில் சுமார் 9 கிலோமீட்டர் வரை பரவிவிட்டது. 1987-ல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. 2010-ல், அருகிலுள்ள காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு ஒரு லிட்டருக்கு ஆகும் செலவே, இழந்த நல்ல நீருக்கு ஒரு விலை சொல்லும்.

உவர்ப்பு மெல்ல வருவதால் காகிதத்தில் அதன் நஷ்டம் சிறுத்துவிடும். எதிர்கால ரூபாயை ஆண்டுக்கு 10 சதவீதம் கழித்து மதிப்பிட்டால், 20 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய் நஷ்டம் இன்றைக்கு 15 ரூபாய்தான். பேரன் காலத்தில் கிணறு கெட்டால் கணக்கில் அநேகமாகத் தெரியவே தெரியாது. ஆகவே எத்தனை சதவீதம் கழித்தார்கள் என்று கேட்பது அவசியம்.

நிவாரணத்தையும் நஷ்டத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் அரசு அறிவித்தது. அது உடனடி உதவி. இறால், நண்டு குறைந்த பருவங்களின் கணக்கு வேறு.

2006-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும். எழுத்து மூலமும் கருத்துத் தரலாம். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைத் தேதியோடு குறித்து வாருங்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்பதையும் அதே நோட்டில் எழுதி, கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.